இரண்டு விரற்கடை கண்ணாடி

கேள்வி: நாங்கள் காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். போன மாதம் தேய்பிறை அஷ்டமிக்குக் குடும்பத்தோடு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குக் காரில் போனோம். என் 3 வயதுப் பையன் வழியிலேயே தூங்கிவிட்டான். "கூட்டத்துல எழுப்பினா அழுவான். காத்துக்கு ரெண்டு விரக்கடை கண்ணாடி இறக்கி விட்டிருக்கேன். புளியமரத்து நிழல்தானே, பத்து நிமிஷத்துல வந்துரலாம்" என்றார் மாமனார். உள்ளே வரிசை நகரவே இல்லை. எனக்கு மனசு கேட்காமல் பாதியில் ஓடி வந்தேன். 20 நிமிடம் ஆகியிருக்கும். பையன் முகம் சிவந்து, சட்டை தொப்பலாக நனைந்து, தொண்டை கம்மிப்போகிற அளவுக்கு அழுதுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தாவி வந்தான். ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தான். மறுநாள் எப்போதும்போல விளையாடினான். ஆனால் எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அவன் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? கண்ணாடி திறந்திருந்தும், நிழலில் நின்றும் ஏன் அப்படி ஆனது? ஏசி போட்டுவிட்டுப் போனால் பரவாயில்லையா? மாமனார் பேரன்மேல் உயிரையே வைத்திருப்பவர். "நாங்க வளர்க்காத பிள்ளைங்களா, ஒண்ணும் ஆவாது" என்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? வீட்டு வாசலில்தான் கார் நிற்கும், பையன் தினமும் அதில் ஏறி ஸ்டியரிங் பிடித்து விளையாடுவான், அதனால் கார் அவனுக்குப் புதிது இல்லை. இன்னொன்று, அன்று அவனுடைய ஆன்டிபயாடிக் சிரப்பும் காரிலேயே இருந்தது. அதைத் தொடர்ந்து கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பையனின் மூளைக்கு எந்தப் பாதிப்பும் வந்திருக்காது. அவன் அழுதான், வேர்த்திருந்தான், அம்மாவை அடையாளம் கண்டு தாவினான், தானாகவே தண்ணீர் வாங்கிக் குடித்தான். உடம்பு சூட்டோடு போராடிக்கொண்டிருந்தது, இன்னும் தோற்கவில்லை என்பதற்கு இவைதான் அடையாளம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். மூளையைத் தொட்ட வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) இப்படி இருக்காது. பிள்ளை துவண்டு போகும், கூப்பிட்டால் மலங்க மலங்க விழிக்கும், வாந்தி எடுக்கும், வலிப்பு வரும், நினைவு தப்பும். உங்கள் மகன் அந்த எல்லைக்கு முன்பே வெளியே வந்துவிட்டான். வரிசையை விட்டுவிட்டு நீங்கள் ஓடி வந்ததுதான் காரணம்.

இனி மாமனாரின் அந்த இரண்டு விரற்கடை. அவர் "காத்துக்கு" என்று சொன்ன சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மூடிய காரில் மூச்சுமுட்டும், கொஞ்சம் காற்று வந்தால் போதும் என்றுதான் நம் ஊரில் எல்லாரும் நினைக்கிறோம். இப்படி ஒரு குழந்தை இறந்தால் செய்தியிலும் "மூச்சுத்திணறி" என்றுதான் எழுதுகிறார்கள். ஒரு சின்னப் பிள்ளை பல மணி நேரம் மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு காருக்குள் காற்று இருக்கிறது. அது தீர்வதற்கு வெகு முன்பே சூடு ஆளை விழுங்கிவிடும். உங்கள் மாமனார் கவனமில்லாமல் விட்டுப்போகவில்லை. தனக்குத் தெரிந்த ஆபத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். அங்கே இருந்ததோ வேறு ஆபத்து.

ஓசூர், தளிப் பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கிற பசுமைக்குடிலுக்குள் மதியத்தில் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? காரும் அப்படித்தான். வெயிலைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. கறுப்பு டாஷ்போர்டும் சீட்டும் அதைக் குடித்துச் சூடேறுகின்றன. அவை திருப்பிக் கக்குகிற சூட்டைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடான காற்றும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. வெளியே 35 டிகிரி என்றால் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 45, 20 நிமிடத்தில் 51, அரை மணியில் 54 டிகிரி. நீங்கள் ஓடி வந்த நேரத்தில் முழு வெயிலில் நிற்கும் காராக இருந்திருந்தால் உங்கள் பையன் 50 டிகிரியில் உட்கார்ந்திருப்பான். மரநிழல் அதைக் கொஞ்சம் குறைத்தது, அவ்வளவுதான்.

கண்ணாடி இறக்குவதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. வெளி வெப்பம் 22 முதல் 35 டிகிரி வரை இருந்த 16 நாட்களில் காரை நிறுத்தி வைத்து அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி ஏறியது. அந்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே முடிந்துவிட்டது. பிறகு கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கிவிட்டும் பார்த்தார்கள். ஒன்றரை அங்குலம் என்பது ஏறக்குறைய உங்கள் மாமனாரின் இரண்டு விரற்கடைதான். சூடு ஏறுகிற வேகத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. வெளி வெப்பம் எவ்வளவாக இருந்தாலும் கார் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் சூடேறுகிறது என்பதையும் அங்கே கண்டார்கள். இதை ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். "எங்க ஊரு குளுகுளு ஊரு" என்று இருந்துவிடக் கூடாது. வெளியே 25 டிகிரியாக இருக்கிற இதமான வெயில் நாளில்கூட அரை மணியில் காருக்குள் 44 டிகிரி தொடலாம்.

நிழலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட அளவுகளின்படி, கொளுத்தும் கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காருக்குள் சராசரி 47 டிகிரி, டாஷ்போர்டில் 69 டிகிரி. நிழலில் நின்ற காருக்குள்ளும் 38 டிகிரி. அதுவே குழந்தைக்கு ஜுரக் கணக்கு. அவர்கள் காரை நிறுத்திய நிழல் நகரவில்லை. நம் சாலையோரப் புளியமர நிழல் நகரும். 11 மணிக்கு நீங்கள் நிழல் பார்த்து விட்ட கார் 12 மணிக்கு முழு வெயிலில் நிற்பதைத் தினமும் பார்க்கிறோம்.

மாமனார் கேட்கக்கூடும்: "நானும்தான் காரில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகலையே?" பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். எடைக்கு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு அதிகம், சுற்றியிருக்கும் சூட்டை வாங்கிக்கொள்வதும் அதிகம். வேர்த்துக் குளிர்ந்துகொள்ளும் திறன் குறைவு. பெரியவர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார், பிள்ளைக்கு அது தெரியாது. உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மூளை, ஈரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கும். எனக்கு மிகவும் பயம் தருவது தூங்கும் குழந்தைதான். சூட்டில் மயங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு "நல்லா தூங்குது" என்று திரும்பிப் போய்விடுவார்கள். தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணாடிக்கு வெளியிலிருந்து தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மதியம், இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துணிக்கடை வாசலில், "ஒரே ஒரு பில் போட்டுட்டு வந்துர்றோம்" என்று காரில் விட்டுப் போயிருக்கிறார்கள். நல்லவேளையாக நினைவு இருந்தது. ஆனால் நெற்றி முடியெல்லாம் ஒட்டி, உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மா தோளில் கிடந்தது. உடைகளைக் கழற்றினோம். தொடையின் உள்பக்கத்தில் சீட் பெல்ட் கொக்கியின் வடிவம் அச்சுக் குத்தியதுபோலச் சிவந்து கொப்பளித்திருந்தது. குழந்தை தேறி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனது. பில் போட எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை டாக்டர் என்றார் அந்த அப்பா. உங்களுக்குக் கோயில் வரிசை, அவருக்குக் கார்டு மெஷின். பத்து நிமிடம் என்று கிளம்புகிறவர்கள் யாரும் பத்து நிமிடத்தில் திரும்புவதில்லை. ஆகவே நிமிடக் கணக்கே வேண்டாம். இறங்கினால் குழந்தையும் கூட இறங்க வேண்டும். தூங்கினால் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். எழுந்து அழுதால் அழட்டும்.

ஏசி போட்டுவிட்டுப் போவதும் வேண்டாம். இன்ஜின் அணைந்தால் ஏசியும் நிற்கும், உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. சாவி உள்ளே இருக்கும்போது பிள்ளை பொத்தானை அமுக்கி எல்லாக் கதவையும் பூட்டிவிடலாம், கியரைத் தள்ளிவிடலாம், பவர் விண்டோவில் கழுத்தைக் கொடுத்துவிடலாம். நின்றுகொண்டு ஓடும் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஷெட் போன்ற மூடிய இடத்தில் அது உள்ளே புகுந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும்.

இன்னொரு பேச்சு. ஆஸ்பத்திரி, வங்கி, பத்திரப்பதிவு அலுவலக வாசல்களில் வயதான அப்பா அம்மாவைக் காரில் உட்காரவைத்துவிட்டுப் போவது நம் மாவட்டத்தில் சாதாரணமாக நடக்கிறது. பிரஷர் மாத்திரை, நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சூடு தாங்கும் சக்தி இன்னும் குறைவு. கதவைத் திறந்து வைத்து மர நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள்.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். கோயிலில் நடந்ததைவிட அதுதான் என்னை அதிகம் கலங்கவைத்தது: "பையன் தினமும் அதில் ஏறி விளையாடுவான், கார் அவனுக்குப் புதிது இல்லை."

2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நிறுத்தியிருந்த காருக்குள் விளையாட ஏறிய 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடியில் 4 குழந்தைகள் அதே மாதிரி போனார்கள். இந்தக் குழந்தைகளை யாரும் காரில் விட்டுவிட்டுப் போகவில்லை, யாரும் மறக்கவில்லை. கார் அங்கேயே நின்றது, பிள்ளைகள் தாங்களே ஏறினார்கள், கதவு பூட்டிக்கொண்டது. பெற்றவர்கள் தெருவில்தான் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

பழகிய கார் என்பதுதான் இங்கே ஆபத்து. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு இறங்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. அது நல்லதற்காகவே போட்ட பூட்டு. ஆனால் பிள்ளை தனியாக இருக்கும்போது அதுவே சிறை. ஹேட்ச்பேக் காரில் பின் சீட்டைத் தாண்டி டிக்கிப் பக்கம் குதித்து விளையாடும் பிள்ளைக்குச் சீட்டுக்கு மேலே ஏறி வரத் தெரியாது. சூட்டில் பத்து நிமிடத்தில் பதற்றம் வரும், பதற்றத்தில் தெரிந்ததும் மறக்கும்.

ஆகவே இன்றைக்கே செய்யுங்கள். கார் சொந்த வாசலில் நின்றாலும், ஐந்து நிமிடத்தில் கிளம்புவதாக இருந்தாலும், எல்லாக் கதவும் டிக்கியும் பூட்டியே இருக்கட்டும். சாவி டிவி ஸ்டாண்டில் வேண்டாம், கை எட்டாத உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். கார் விளையாடும் இடம் அல்ல என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், ஒரு நாள் அவனை முன் சீட்டில் உட்காரவைத்து, நீங்களும் பக்கத்தில் இருந்துகொண்டு, கதவை எப்படித் திறப்பது, ஹாரனை எப்படி விடாமல் அமுக்குவது என்று பழக்குங்கள். பல கார்களில் சாவி இல்லாவிட்டாலும் ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கார் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டாமல் போட்டிருக்கும் பழைய வண்டி, ஒர்க்ஷாப்பில் நிற்கும் வண்டி எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். பிள்ளையைக் காணோம் என்றால் நம் பக்கம் எல்லாரும் முதலில் ஓடுவது கிணற்றுக்கும் ஏரிக்கும். ஒருவர் அங்கே ஓடட்டும், இன்னொருவர் அதே நிமிடம் வீதியில் நிற்கும் ஒவ்வொரு காரிலும் உள்ளேயும் டிக்கியிலும் பார்க்கட்டும்.

ஒருவேளை சூட்டில் துவண்ட குழந்தையைப் பார்க்க நேர்ந்தால்: உடனே வெளியே எடுத்து நிழலில் கிடத்துங்கள், துணியெல்லாம் கழற்றுங்கள், தலையிலிருந்து கால்வரை குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் ஈரத்துணியை வைத்து அடிக்கடி மாற்றுங்கள். இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம், உடம்பை முதலில் குளிரவைப்பதுதான் உயிரைக் காக்கும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோ ஓஆர்எஸ் கரைசலோ கொடுங்கள். மயக்கத்தில் இருக்கும் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் வேண்டாம், இது காய்ச்சல் அல்ல, அந்த மருந்து இங்கே வேலை செய்யாது. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் பயன் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றுவதைத் தொடருங்கள்.

வேறு யாருடைய காரிலாவது பிள்ளை தனியாக இருப்பதைப் பார்த்தால் தயங்கி நிற்காதீர்கள். விழித்து அசைந்துகொண்டிருந்தால் ஒருவர் காரின் பக்கத்திலேயே நிற்க, இன்னொருவர் உரிமையாளரைத் தேடட்டும், 112 அவசர உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். தட்டியும் அசையவில்லை என்றால் கண்ணாடியை உடையுங்கள். பிள்ளைக்குத் தொலைவில் இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில், ஜாக்கி போன்ற கனமான இரும்பால் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, அது சிதறி வழி விடாது. ஓர் உயிரைக் காக்க நல்லெண்ணத்தில் பொருளுக்குச் சேதம் செய்வதை நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவு குற்றமாகக் கொள்வதில்லை.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "உங்களால்தான் ஆச்சு" என்று தொடங்க வேண்டாம். பேரனை எழுப்ப மனசு வராத தாத்தா அவர், அந்த மனசு தப்பே இல்லை. இந்தப் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், டாக்டர் சொன்னதாகவே இருக்கட்டும். மதியம் ஒரு மணிக்கு, வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்டில் அவரை உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எண்ணி ஐந்து வரைகூட வைத்திருக்க முடியாது. ஆனால் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அவர் காருக்குள் உட்கார வேண்டாம், அவர் வயதுக்கு அது ஆபத்து. அப்புறம் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். சாவி ஆணியை அடிப்பதும், இரவு படுக்கும் முன் எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் தாத்தாவின் வேலை. காரை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் பின் சீட்டைத் திரும்பிப் பார்ப்பதை உங்கள் வீட்டுக்காரர் வழக்கமாக்கிக்கொள்ளட்டும். பையன் பள்ளிக்கு வேனில் போகத் தொடங்கும்போது, எல்லாரும் இறங்கியபின் கடைசி சீட்டுவரை நடந்து பார்க்கிறாரா என்று அந்த டிரைவரிடமும் கேளுங்கள்.

அந்தச் சிரப் பாட்டில். பொடியில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாடிக் வகையாக இருந்தால் கொட்டிவிடுங்கள். அவற்றில் பலவற்றைக் கலந்தபின் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், காரின் சூட்டில் மருந்தின் வீரியம் போய்விடும். பார்வைக்கு நிறம் மாறாமல் இருந்தாலும் நம்ப வேண்டாம். எத்தனை நாள் கொடுத்திருக்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய்ப் புதுப் பாட்டில் வாங்குங்கள். வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால், காரில் கிடந்த மருந்தை அவர்களும் பயன்படுத்த வேண்டாம்.